குட்மேய்ஸ் மாநிலம் ஜனாதிபதியைத் தெரிவுசெய்த வரலாறு

லண்டன் புளியங்கேணி மக்கள் ஒன்றியத்துக்கு எப்போதும் ஒரு தலைவர் இருந்தார். ஜனாதிபதி இருக்கவில்லை. அது ஒரு குறை என்று எவருக்கும் தோன்றியதில்லை. செல்வரத்தினம் மகனைப் பார்க்க அமெரிக்கா போய்த் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன்பு தலைவர் தெரிவு என்பது ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வடைக்கும் தேநீருக்கும் இடையில் நடக்கும் ஒரு சங்கதி. ஒருவர் ஒரு பெயரைச் சொல்வார். இன்னொருவர் "ஓம், அவர் சரி" என்பார். பெயர் சொல்லப்பட்டவர் "ஐயோ, எனக்கு எங்க நேரம்" என்பார். அதை ஒருவரும் நம்பமாட்டார்கள். அதற்குள் தேநீர் வந்துவிடும். இப்படித் தெரிவாகிறவருக்கு மாலை கிடையாது, மேசை கிடையாது. குட்மேய்ஸில் இருக்கும் சங்க மண்டபத்தின் திறப்பு, அந்த ஒற்றைச் சாவி மட்டும் அவர் வீட்டில் தொங்கும். மண்டபம் வேண்டியவர்கள் போய்க் கேட்பார்கள். அவர் கையொப்பம் வைத்துத் திறப்பைக் கொடுப்பார். ஒன்றியத்தின் அரசாட்சி முழுவதும் இவ்வளவுதான்.

கடைசித் தலைவர் ஐப்பசியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். போகும்போது திறப்பைச் செல்வரத்தினத்திடம் கொடுத்தார். பக்கத்து வீடு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் இல்லை.

செல்வரத்தினம் ஓய்வுபெற்ற கணக்காளர். மகன் இருப்பது நியூயோர்க் மாநிலத்தின் அல்பனி நகரத்தில். அங்கே போன இரண்டாம் நாள் பனி கொட்டத் தொடங்கியது. வாசல் கதவு திறக்க முடியவில்லை. மகனும் மருமகளும் ஆளுக்கொரு கணினியோடு ஆளுக்கொரு அறைக்குள் இருந்தார்கள். பேச ஆளில்லாத செல்வரத்தினம் பேரனின் ஐந்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வாசித்தார். அமெரிக்காவின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில் நியூயோர்க் மாநிலம் என்ன செய்தது என்று அதில் ஒரு பாடம் இருந்தது. அவர் அதை மூன்று வாரம் வாசித்தார். மண்டபத் திறப்பு அவருடைய கோட்டுப் பைக்குள் கூடவே இருந்தது. புத்தகமும் திறப்பும் சேர்ந்துதான் ஹீத்ரோவில் வந்து இறங்கின.

இந்த நேரம் பார்த்து நிசாந்தனுக்குத் திறப்பு தேவைப்பட்டது.

நிசாந்தன் குட்மேய்ஸ் பிரதான வீதியில் உடுப்புச் சலவைக் கடை வைத்திருப்பவர். சங்கக் கூட்டங்களுக்குத் தவறாமல் வருவார். கதவருகில் நிற்பார். இத்தனை வருடத்தில் ஒலிவாங்கியில் அவர் சொன்னது, யாருடையதோ ஒரு காரைப் பற்றிய ஒரேயொரு வசனம்தான். ஒவ்வொரு வருடமும் அதையே சொன்னார். "ஆற்றையோ கார் கேற்றை மறிச்சு நிக்குது, தயவுசெய்து எடுங்கோ." மற்றப்படி அவருக்கு அரசியல் இல்லை.

ஏப்ரல் முப்பதாம் திகதி, சனிக்கிழமை, அவருடைய மகள் தக்ஷிகாவின் கலியாண வரவேற்பு. மாப்பிள்ளை ரோஹித் விம்பிள்டன் பையன். அவனுடைய அப்பா ரங்கராஜன், சென்னையிலிருந்து வந்து முப்பது வருடமாக இங்கே வைத்தியராக இருப்பவர். "மண்டபத்தைப் பற்றி யோசிக்காதேங்கோ, அது எங்கட சொந்த மண்டபம்" என்று நிசாந்தன் சம்பந்தியிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். மண்டபத்தின் பெயரோடு அழைப்பிதழும் அடித்தாயிற்று. சென்னையிலிருந்து ரங்கராஜனின் உறவுக்காரர்கள் விமானச்சீட்டும் எடுத்துவிட்டார்கள். திறப்புத்தான் பாக்கி.

மார்கழிக் குளிரில் நிசாந்தன் செல்வரத்தினம் வீட்டு மணியை அடித்தார்.

"அண்ணை, மண்டபத் திறப்பு..."

"இரும், நிசாந்தன். ஜனாதிபதி கையொப்பம் வைக்காமல் திறப்பை எப்பிடிக் குடுக்கிறது?"

"எந்த ஜனாதிபதி அண்ணை?"

"அதைத்தான் இனித் தெரியப்போறம்" என்றார் செல்வரத்தினம். தான் இப்போது தேர்தல் ஆணையாளர் என்றார். யார் நியமித்தது என்று நிசாந்தன் கேட்கவில்லை. செல்வரத்தினமும் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"ஆரார் அண்ணை நிக்கினம்?"

"பாலாம்பிகை ரீச்சர்."

"மற்றது?"

"மற்ற ஒருத்தரும் இல்லை. எல்லாருக்கும் அவதான் வேணும்."

நிசாந்தனுக்கு உயிர் வந்தது. "அப்ப முடிஞ்சுதே அண்ணை! நான் இப்பவே ரீச்சரிட்டப் போறன்."

செல்வரத்தினம் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "வொஷிங்டனும் எல்லாருக்கும் வேண்டிய ஆள்தான். அதுக்காக அவை தேர்தல் வைக்காமல் விட்டவையே? ஆள் ஆரெண்டு தெரிஞ்சால்தான் தேர்தலை ஒழுங்கா நடத்தலாம். தெரியாட்டில் ஒரே குழப்பம்."

"சரி, ரீச்சருக்கு விருப்பமோ எண்டாவது கேட்டியளோ?"

"கேக்கிறதோ!" செல்வரத்தினம் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "வேட்பாளரிட்டக் கேட்டால் அது பிரசாரம். அந்தக் காலத்தில பதவி வேணுமெண்டு வாய் திறக்கிறதே மரியாதைக் கேடு. அவவுக்கு இது தெரியவே கூடாது."

செல்வரத்தினம் கொண்டுவந்த புதிய அரசியல் யாப்பின்படி ஒன்றியம் மூன்று மாநிலங்களாகியிருந்தது. லண்டனின் குட்மேய்ஸ், வால்தம்ஸ்டோ, விம்பிள்டன் பகுதிகள். சனங்கள் நேரே வாக்களிக்கக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் தனக்காக வாக்களிக்கத் தெரிவாளர்களைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு தெரிவாளருக்கும் இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே ஆளுக்குப் போடக் கூடாது. கூடிய வாக்கு எடுத்தவர் ஜனாதிபதி, அடுத்தவர் உப ஜனாதிபதி.

"அண்ணை, எனக்குத் திறப்பு மட்டும்தான் வேணும்."

"எல்லாருக்கும் அதுதானப்பா வேணும்" என்றார் செல்வரத்தினம். "அதுக்குத்தான் யாப்பு."

குட்மேய்ஸ் மாநிலத்தின் சட்டசபை தை மாதம் முதலாவது சனிக்கிழமை கூடியது. நியூயோர்க்கில் இரண்டு சபை இருந்தபடியால் இங்கும் இரண்டு. ஆயுட்கால அங்கத்தவர்கள் மேல்சபை. அவர்கள் மேடையில் இருந்தார்கள். வருட அங்கத்தவர்கள் கீழ்சபை. அவர்கள் கீழே இருந்தார்கள். மண்டபம் ஒன்றுதான் என்பதால் நடுவில் பூப்பந்து வலை கட்டப்பட்டது. ஒரு சபை மற்றச் சபையோடு தூதுவர் வழியாக மட்டுமே பேசலாம். கதவருகில் நின்ற காரணத்தால் நிசாந்தன் தூதுவரானார்.

தெரிவாளர்களை எப்படித் தெரிவது என்பதுதான் கேள்வி. இரண்டு சபையும் ஒன்றாக இருந்து கை தூக்குவோம் என்றது கீழ்சபை. அவர்கள் எண்ணிக்கையில் அதிகம். தனித்தனியே தெரிவோம், பிடிக்காவிட்டால் நாங்கள் மறுப்போம் என்றது மேல்சபை. அவர்களுக்குக் கதிரையில் குஷன் இருந்தது.

"தெரியிற தெரிவாளர் ஆருக்குப் போடுவினம்?" என்று வலைக்குக் கீழே குனிந்து வந்த நிசாந்தன் மேல்சபையைக் கேட்டார்.

"பாலாம்பிகை ரீச்சருக்கு."

குனிந்து திரும்பிப் போய்க் கீழ்சபையைக் கேட்டார்.

"ரீச்சருக்குத்தான். வேற ஆருக்கு?"

"அப்ப ஏன் அண்ணை சண்டை?"

"கொள்கை" என்றார்கள் இரண்டு பக்கமும்.

கீழ்சபையிலிருந்த அருமைநாயகி எழுந்து, மேடையிலிருந்த தன் கணவரைப் பார்த்து, "இஞ்சாருங்கோ, பிரஷர் குளிசை போட்டனீங்களே?" என்று சத்தமாகக் கேட்டார். தூதுவர் வழியாக வராத கேள்வி என்று செல்வரத்தினம் அதை நிராகரித்தார். நிசாந்தன் கேள்வியைக் கொண்டுபோனார். போடவில்லை என்ற பதிலைக் கொண்டுவந்தார். குளிசையைக் கொண்டுபோனார். தண்ணீர் கொண்டுபோவதற்குக் கீழ்சபை தீர்மானம் நிறைவேற்ற வேண்டுமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. அதற்குள் அருமைநாயகியின் கணவர் குளிசையை வெறும் வாயோடு விழுங்கிவிட்டார்.

இதற்கிடையில் பின் அறைக் கதவு திறந்தது. அங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த பாலாம்பிகை ரீச்சர் வந்து நின்றார். இரண்டு சபையும் எழுந்து நின்றன.

"கொஞ்சம் சத்தம் போடாமல் இருங்கோ. பிள்ளையள் சொல்வதெழுதுதுகள்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறிய விஷயம் அது ஒன்றுதான். ரீச்சர் வலையைப் பார்த்தார், நிசாந்தனைப் பார்த்தார், "விளையாட்டோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

யாப்பு குறித்த கடைசி நாள் தை ஏழு. அன்றுவரை தினமும் கூடினார்கள். நிசாந்தனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஏழாம் திகதி முடிந்தபோது குட்மேய்ஸ் மாநிலத்துக்கு ஒரு தெரிவாளரும் இல்லை.

செல்வரத்தினம் கண்கலங்கினார். அது ஆனந்தக் கண்ணீர். "இப்பிடியேதான்! அந்தத் தேர்தலில நியூயோர்க் மாநிலத்தின்ரை இரண்டு சபையும் அடிபட்டு, ஒரு தெரிவாளரையும் தெரியேல்லை. வாக்கே போடேல்லை. நாங்கள் ஒரு பிழையும் விடாமல் செய்திருக்கிறம்!"

அன்றிரவு ரங்கராஜன் தொலைபேசியில் வந்தார்.

"சம்பந்தி, ஹால் கன்ஃபர்ம் ஆயிடுச்சா? சென்னைல கேக்கறாங்க."

"மண்டபம் இருக்குது. ஒரு சின்னச் சிக்கல்."

"என்ன சிக்கல்?"

"ஜனாதிபதி இல்லை."

"எந்த நாட்டுக்கு?"

நிசாந்தன் விளக்கினார். மாநிலம், மேல்சபை, வலை, குளிசை எல்லாவற்றையும் சொன்னார். ரங்கராஜன் வைத்தியர், நோயாளி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாத பழக்கம் உள்ளவர்.

"இருங்க, நான் சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பாருங்க. ஹால் இருக்கு. சாவி இருக்கு. சாவி வச்சிருக்கறவர் உங்க தெருவுலயே இருக்கார். நிக்கறது ஒரே ஆள். அந்த ஆளை எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

"ஓம்."

"அப்புறமும் கதவு திறக்கல."

"ஓம்."

"தூக்கம் வருதா உங்களுக்கு?" என்று கனிவாகக் கேட்டார் ரங்கராஜன்.

பக்கத்திலிருந்த றஜீனா, நிசாந்தனின் மனைவி, தொலைபேசி வைக்கப்படும்வரை பொறுத்திருந்தார். "உங்களுக்கெல்லாம் விசரே? பூட்டுத் திறக்கிற ஒருத்தனைக் கூப்பிட்டால் பத்து நிமிச வேலை."

"அது சதி, றஜீனா. யாப்பில இருக்குது."

"அப்பா, ஐ ஆம் மரியிங் இன்டு எ நோர்மல் ஃபமிலி" என்றாள் தக்ஷிகா. "பிளீஸ், அவையளுக்கு இதெல்லாம் சொல்லாதேங்கோ."

வேறு மண்டபங்களைக் கேட்டுப்பார்த்தார்கள். ஏப்ரல் முப்பது எங்கும் இல்லை. றொம்ஃபோர்டில் ஒன்று இருந்தது; அதில் பாதி நீச்சல் குளம்.

மாசி நான்காம் திகதி தெரிவாளர்கள் தத்தம் மாநிலங்களில் வாக்களித்தார்கள். குட்மேய்ஸுக்குத் தெரிவாளர் இல்லை. வால்தம்ஸ்டோவில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வீக்கம், படியிறங்க ஏலாது. மற்றவர் நோர்த் சேர்க்குலர் வீதியில் நெரிசலில் அகப்பட்டு, நேரம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். செல்வரத்தினம் புத்தகத்தைப் புரட்டினார். மேரிலாந்து மாநிலத்திலும் ஒருவர் கால்வாதத்தாலும் ஒருவர் வழியில் பனி உறைந்ததாலும் வாக்களிக்கவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மிஞ்சியது விம்பிள்டன். விம்பிள்டன் மாநிலம் என்பது ஒரு குடும்பம். சுஜீத்தும் அவர் மனைவியும் சமையலறை மேசையில் இருந்து வாக்களித்தார்கள். முதல் வாக்கு இருவருக்கும் ரீச்சர்தான். இரண்டாவது வாக்கை யாராவது தொந்தரவில்லாத ஒருவருக்குப் போட்டுத் தொலைக்க வேண்டியிருந்தது.

"குட்மேய்ஸில ஒருத்தர் நிப்பாரே, கதவுக்குப் பக்கத்தில. கார் மறிக்குது எண்டு சொல்லுறவர்" என்றார் சுஜீத்.

"நிசாந்தன் அண்ணை. என்ரை கூறைச் சேலையில விழுந்த கறையை எடுத்துத் தந்தவர்" என்றார் மனைவி.

இருவரும் அவருக்கே போட்டார்கள். முடிவை ஆணையாளர் அறிவித்தார். பாலாம்பிகை இரண்டு. நிசாந்தன் இரண்டு. சமன்.

சமன் வந்தால் பிரதிநிதிகள் சபை தீர்க்கவேண்டும் என்று யாப்பு சொன்னது. அப்படி ஒரு சபை இல்லாதபடியால் வாட்ஸப்பில் ஒன்று திறக்கப்பட்டது. மாநிலத்துக்கு ஒரு வாக்கு. குட்மேய்ஸின் இரண்டு சபைகளும் அந்த ஒரு வாக்கை யார் தட்டுவது என்று அடிபட்டன. வால்தம்ஸ்டோவின் முழங்கால்காரர் வருகிற எல்லாச் செய்திக்கும் கட்டைவிரல் படம் போட்டதால், அவர் இரண்டு பேரையும் ஆதரித்தார்; ஒரு மரண அறிவித்தலையும் ஆதரித்தார். விம்பிள்டனில் சுஜீத் ரீச்சர் என்றார், மனைவி கூறைச் சேலையை மறக்கவில்லை என்றார். மாசி முடிந்து பங்குனியும் பாதி போய்விட்டது.

"நான் விலகுறன் அண்ணை" என்று நிசாந்தன் செல்வரத்தினத்திடம் கெஞ்சினார். "ரீச்சர் வரட்டும். வந்து எனக்குத் திறப்பைத் தரட்டும்."

"நீர் நிக்கவே இல்லை. நிக்காதவர் எப்பிடி விலகுறது?"

ஒருநாள் அருமைநாயகி, பேத்தியின் வகுப்பு நேரம் கேட்பதற்காக, அந்தக் குழுவுக்குள் பாலாம்பிகை ரீச்சரைச் சேர்த்துவிட்டார். ரீச்சர் அன்றைய வாக்கெடுப்பை மேலிருந்து கீழ்வரை வாசித்தார் போலிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு வரி தோன்றியது. "பாலாம்பிகை வெளியேறினார்."

முழங்கால்காரர் அதற்கும் கட்டைவிரல் போட்டார். செல்வரத்தினம் அதைச் சபையின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். நிசாந்தன் ஜனாதிபதியானார்.

செய்தி கேட்டதும் நிசாந்தன் கடையைப் பூட்டிவிட்டு, கையில் பேனையோடு ஓடினார். "அண்ணை, நான்தானே ஜனாதிபதி? எங்க கையொப்பம் வைக்கவேணும்?"

"பதவிப் பிரமாணம் எடுக்காமலோ? எடுக்காதவரின்ரை கையொப்பம் வெறும் கிறுக்கல்."

"அப்ப இப்பவே எடுக்கிறன்."

"முதலாவது ஜனாதிபதி பிரமாணம் எடுத்தது நியூயோர்க் நகரத்தில. வாக்கே போடாத மாநிலத்திலதான் கொண்டாட்டம் நடந்தது. வரலாறு எவ்வளவு வடிவானது பாரும். ஆனபடியால் எங்களுக்கும் குட்மேய்ஸ் மண்டபத்திலதான். திகதி, ஏப்ரல் முப்பது."

"அண்டைக்குத்தான் அண்ணை என்ரை பிள்ளையின்ரை..."

"அண்டைக்கு மண்டபம் ஜனாதிபதிக்கு. வேற ஒருத்தருக்கும் குடுக்கேலாது."

நிசாந்தன் வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றாமல் படிக்கட்டில் இருந்தார். நடந்ததைச் சொன்னார். றஜீனா ஒரு தரம் கேட்டார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"ஜனாதிபதிக்கு மட்டும்தான் எண்டவரோ?"

"ஓம்."

"ஜனாதிபதி ஆர்?"

"நான்."

"உங்கட தலைக்குள்ள என்னப்பா இருக்குது?" என்று றஜீனா தொலைபேசியைத் தானே எடுத்தார். "அண்ணை, றஜீனா கதைக்கிறன். பதவிப் பிரமாணத்துக்குச் சனம் வரலாமோ?"

"எவ்வளவு கூட வருதோ அவ்வளவு சிறப்பு, பிள்ளை."

"வெளிநாட்டாக்கள்?"

"தூதுக்குழுவா! வரட்டும், வரட்டும்."

"சாப்பாடு?"

"அரச விருந்து இல்லாமல் பதவியேற்போ?"

"மேடையில ஒரு சோடிக் கதிரை வைச்சுப் பூ அலங்காரம் செய்யலாமோ?"

குடியரசுக்கு இவ்வளவு அக்கறை காட்டுகிற ஒரு முதற்பெண்மணி கிடைத்திருக்கிறார் என்று செல்வரத்தினம் தழுதழுத்தார்.

இப்படியாக ஏப்ரல் முப்பது வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. தக்ஷிகாவும் ரோஹித்தும் பூக்களுக்கு நடுவில் அலங்காரக் கதிரைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு முன்னால், அவர்களை மறைத்தபடி, செல்வரத்தினம் ஒலிவாங்கியோடு நின்றார்.

"மகா சனங்களே! எனக்குப் பதவி ஆசை கிடையாது. அதனால்தான் நான் ஜனாதிபதியாகவில்லை. ஜனாதிபதியை யார் தெரிவது, எப்படித் தெரிவது, எப்போது தெரிவது ஆகிய மூன்றை மட்டும் என் பொறுப்பில் வைத்துக்கொண்டேன். சிலர் கேட்டார்கள், எல்லோருக்கும் விருப்பமான ஒருவர் இருக்கும்போது தேர்தல் எதற்கு என்று. மக்களின் விருப்பம் தானாக நிறைவேறினால், பிறகு என்னைப் போன்றவர்கள் எதற்கு?"

சென்னையிலிருந்து வந்த அத்தை ரங்கராஜனின் காதருகில் குனிந்தார். "இவர் பொண்ணுக்குத் தாய்மாமாவா?"

"தேர்தல் கமிஷனர்."

"ஓ. அவங்க பக்கத்து வழக்கம் போல" என்று அத்தை மரியாதையோடு நிமிர்ந்தார்.

பேச்சு அல்பனிப் பனிக்குள் நுழைந்து வெகுநேரம் வெளியே வரவில்லை. குழந்தைகள் அழத் தொடங்கின. மேல்சபையும் கீழ்சபையும் சாப்பாட்டு மேசைகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மேசைகள் வெறுமையாக இருந்தன. அப்போது நிசாந்தனின் தொலைபேசி அதிர்ந்தது. சாப்பாடு கொண்டுவரும் முருகேசன்.

"அண்ணை, வானோட வெளியில நிக்கிறன். கேற்றுக்குள்ள வரேலாது. ஒரு வெள்ளிக் கலர்க் கார் குறுக்கால நிக்குது. இடியப்பப் பிரியாணி ஆறுது அண்ணை!"

நிசாந்தன் சம்பந்தியைப் பார்த்தார். ரங்கராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மகள் தன் கல்யாணத்தில் செல்வரத்தினத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"...இப்போது ஜனாதிபதி அவர்கள் பிரமாணம் எடுத்து, நாட்டுக்கு, மன்னிக்கவும், ஒன்றியத்துக்குத் தமது கன்னியுரையை ஆற்றுவார்" என்றார் செல்வரத்தினம்.

நிசாந்தன் சன்னலால் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மேடையேறினார். வலது கையை உயர்த்தினார். செல்வரத்தினம் சொன்னதை எல்லாம் திருப்பிச் சொன்னார். ஒலிவாங்கி கைக்கு வந்தது. தொண்டையைச் செருமினார்.

"ஆற்றையோ கார் கேற்றை மறிச்சு நிக்குது. தயவுசெய்து எடுங்கோ." கொஞ்சம் யோசித்தார். ஜனாதிபதி ஆனபிறகு இன்னும் ஒரு வரி சொல்லலாம் என்று தோன்றியது. "வெள்ளிக் கலர். முன்னுக்குக் குட்டி அமெரிக்கக் கொடி கட்டியிருக்குது. சாப்பாடு வெளியில நிக்குது."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மேல்சபையும் கீழ்சபையும் எந்தத் தூதுவரும் இல்லாமல் ஒன்றாகக் கைதட்டின. செல்வரத்தினம் மட்டும் தட்டவில்லை. அவர் காற்சட்டைப் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கார்த் திறப்போடு மண்டபத் திறப்பும் வெளியே வந்து விழுந்தது. கார்த் திறப்பை அவர் எடுத்தார். மற்றதை றஜீனா எடுத்தார்.

செல்வரத்தினம் காரை எடுத்துக்கொண்டு, நிறுத்த இடம் தேடிப் போனார். சனிக்கிழமை பின்னேரம் குட்மேய்ஸில் கார் நிறுத்த இடம் தேடிப் போகிறவர் அவ்வளவு இலகுவில் திரும்பமாட்டார்.

வான் உள்ளே வந்தது. முதலில் வடை வந்தது. தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது. றஜீனா திறப்பை நிசாந்தனின் கையில் திணித்து, கண்ணால் மூன்றாவது வரிசையைக் காட்டினார். அங்கே பாலாம்பிகை ரீச்சர் ஒரு வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர்" என்றார் நிசாந்தன். "நீங்கள் தலைவரா இருக்க விருப்பமோ?"

"இதை மார்கழியிலயே கேட்டிருக்கலாமே" என்றார் ரீச்சர். "ஒருத்தரும் கேக்கேல்லை."

"ஓம், ரீச்சர் சரி" என்றார் அருமைநாயகி. "ஓம், சரி" என்றது மேல்சபை.

"ஐயோ, எனக்கு எங்க நேரம்" என்றார் ரீச்சர். அதை ஒருவரும் நம்பவில்லை. தேநீர் வந்தது.

செல்வரத்தினம் அடுத்த ஊரான செவன் கிங்ஸில் காரை விட்டுவிட்டு நடந்து, வியர்த்து வந்து சேர்ந்தபோது இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. தக்ஷிகாவும் ரோஹித்தும் யாரும் மறைக்காமல் இருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன நடந்தது? ஜனாதிபதி எங்க?"

"ஒண்டும் நடக்கேல்லை அண்ணை. இருந்து சாப்பிடுங்கோ" என்று முன்னாள் ஜனாதிபதி அவருக்கு இலை போட்டார்.

செல்வரத்தினம் மனம் நொந்த மனிதராகத்தான் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் பிரியாணி சூடாக இருந்தது. பாயசம் வரும்போது முகம் தெளிந்திருந்தது. பக்கத்திலிருந்த ரங்கராஜனிடம், "வாற மாசம் பாரிஸுக்குப் போறன், மருமேன் வீட்டை. மூண்டு கிழமை" என்றார். "அவன்ரை மகளும் இப்ப வரலாறுதான் படிக்கிறாளாம்."

மேசையில் எல்லோருடைய கையும் நின்றது.

பாலாம்பிகை ரீச்சர் கைப்பையைத் திறந்து, நிசாந்தன் கொடுத்த மண்டபத் திறப்பு உள்ளே இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஸிப்பைக் கடைசிவரை இழுத்து மூடி, பையை மடியில் வைத்து, அதன்மேல் ஒரு கையையும் வைத்துக்கொண்டு பாயசத்தைக் குடித்தார்.